நோவு இல்லை என்ற சாட்சி

நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. மருத்துவமாதாக முப்பத்திரண்டு வருஷம் லேபர் ரூமில் நின்றால் யாருக்கும் அந்தக் குணம் வரும். வீட்டில் ஒன்றும் குடிக்கக் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்கிற மாமியார், நேற்று உடைந்த பனிக்குடத்தை "இப்பதான் மிஸ் உடஞ்ச" என்று சொல்கிற புருஷன், பச்சை லைட்டைக் காட்டிக்கொண்டு பிழையாக வேலை செய்கிற மெஷின், எல்லாரையும் எல்லாவற்றையும் ஒரு தரம் சந்தேகித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. வார்ட்டில் எனக்குப் பின்னால் 'பொலிஸ் மிஸ்' என்று பெயர் இருந்தது. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இளைய மருத்துவமாதுகள் சிலர், "மேர்சி மிஸ், உங்கட அனுபவத்தில ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். கெட்டித்தனமாகப் பிள்ளை பெறுவித்த கதைகளை எல்லாரும் எழுதுவார்கள். நான் பிழைவிட்ட ஒரு வெள்ளிக்கிழமையை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். கல்முனைக் கரையில் நீங்கள் நினைக்கிற ஆஸ்பத்திரி அதுவாக இராது.

1. சத்தமில்லாத கேஸ்

அன்று எனக்குக் காலை டியூட்டி. ஏழு மணிக்கு ஹேண்ட் ஓவர் எடுக்கும்போது முந்தின டியூட்டிப் பிள்ளை சொன்னாள்: "முதலாம் கட்டில் பாஸ்ட் செக்ஷன், மிஸ். ட்ரையல் போகுது. நல்ல பிள்ளை, ஒரு சத்தமும் இல்ல. ரெண்டாம் கட்டில் நாலாவது பிள்ளைக்கு வந்தவ. அவக்கு வாய் ஓயாது."

பாஸ்ட் செக்ஷன் என்றால் முந்தின பிள்ளையை வயிற்றை வெட்டி எடுத்தவள். ட்ரையல் என்றால் இந்தப் பிள்ளையைச் சாதாரணமாகப் பெற முடியுமா என்று பார்ப்பது. பெரும்பாலும் நல்லபடி முடியும். ஆனால் கர்ப்பப்பையில் பழைய வெட்டின் வடு இருக்கிறது. நோவு ஏற ஏற அந்த வடு இழுபடும். அது தாங்காமல் பிரிந்தால் தாயும் பிள்ளையும் நிமிஷக் கணக்கில் போய்விடுவார்கள். அதனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு நாலு விஷயத்தில் கண் இருக்க வேண்டும்: தாயின் பல்ஸ், பிள்ளையின் ஹார்ட், இரத்தம் படுகிறதா என்பது, வடு நோகிறதா என்பது. முதல் மூன்றையும் நாங்களே பார்த்துக்கொள்ளலாம். நாலாவதைத் தாய்தான் சொல்ல வேண்டும்.

முதலாம் கட்டிலில் கிடந்தவள் சுபா. பாண்டிருப்புப் பிள்ளை, இருபத்தாறு வயது. புருஷன் மீன்பிடித் தொழில். தாய் குவைத்தில் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனும் அவளும் சைவக் கோயிலை விட்டு ஒரு சின்ன ஜெபசபையில் சேர்ந்திருந்தார்கள். லேபர் ரூமுக்குள் துணைக்கு ஒரு பெண் நிற்கலாம். சுபாவுக்குத் துணையாக வந்திருந்தது அந்தச் சபைப் பாஸ்டரின் மனைவி. எல்லாரும் பாஸ்டரம்மா என்றார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை, கையில் ஒரு பைமட்டும்.

"சுபா, நோ வருதா?" என்று கேட்டேன்.

"வயிறு இறுகுது மிஸ். நோ இல்ல."

"பத்து நிமிஷத்துக்கு மூண்டு தரம் இறுகுது. நோ இல்லையா?"

"இல்ல மிஸ். ஆண்டவர் எடுத்திட்டார்."

அவள் சிரித்தாள். ஐந்து சென்ரிமீற்றர் திறந்த கர்ப்பப்பை வாயோடு சிரிக்கிற பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. பாஸ்டரம்மா எனக்கு விளக்கம் சொன்னா. "இந்தப் பிள்ளைக்காகச் சபையில மூண்டு நாள் உபவாசம் இருந்தம் மிஸ். ஏவாளுக்கு வந்த சாபத்த அவர் சிலுவையில சுமந்து தீத்திட்டார். விசுவாசிக்கிறவளுக்கு நோவில்லாப் பேறு. எங்கட சபையில ஒம்பது பேர் சாட்சி சொல்லியிருக்கிறாங்க."

நானும் கிறிஸ்தவப் பெண்தான். ஆனால் எங்களுடையது பழைய மிஷன் கோயில். எங்கள் அம்மா எனக்குப் படிப்பித்தது வேறு பாடம். ஏவாள் பழத்தைத் தின்றாள், அதற்குத் தண்டனையாகப் பெண் நோவோடு பெற வேண்டும், அந்த நோவைப் பொறுத்துக்கொள்கிறவள்தான் பரிசுத்தமான தாய். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஆகவே நோவே இல்லை என்று ஒருத்தி சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. நான் பட்டதை இவளுக்கு மட்டும் ஆர் மன்னித்தது என்ற எரிச்சல். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

என் சந்தேகத்துக்கு எங்கள் கோயிலும் தப்பியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நத்தாருக்குக் கட்டுகிற குடிலில் மரியாள் வெள்ளையும் நீலமுமாக, மடிப்புக் கலையாத உடுப்போடு முழங்காலில் நிற்பா. பிள்ளை பெற்ற கையோடு எந்தத் தாய் முழங்காலில் நிற்பாள்? கொப்பூழ்க்கொடியை யார் வெட்டியது? நச்சுக்கொடி முழுதாக விழுந்ததா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் போதகரிடம் இதைக் கேட்டேன். "அதெல்லாம் பரிசுத்த காரியம் மேர்சி, கேக்கப்படாது" என்றார். பரிசுத்த காரியத்தில் இரத்தம் படாது என்று அவருக்கு ஆர் சொன்னதோ தெரியாது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. குடிலைப் பார்க்கும்போதெல்லாம் சந்தேகப்படுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

பத்து மணிக்கு சுபாவின் வயிற்றில், பழைய வடுவுக்கு மேலே, விரலால் அழுத்திப் பார்த்தேன். "நோகுதா?"

"இல்ல மிஸ்."

வடு நோவு இல்லை என்று சார்ட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

2. போத்தல்

பன்னிரண்டு மணிக்குச் சுபாவின் பல்ஸ் நூற்றுப் பத்து. காலையில் எண்பத்துநாலாக இருந்தது. காய்ச்சல் இல்லை. இரத்தம் படவில்லை. மெஷினில் பிள்ளையின் ஹார்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நோவு இல்லாத, பயம் இல்லாத, சிரிக்கிற பெண்ணுக்குப் பல்ஸ் ஏன் ஏற வேண்டும்?

அப்போதுதான் அந்தப் போத்தல் என் கண்ணில் பட்டது. சுபாவின் தலையணைக்குக் கீழே, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கண்ணாடிப் போத்தல். மஞ்சளாக எண்ணெய். பாஸ்டரம்மா அதைத் திறந்து விரலில் தொட்டுச் சுபாவின் நெற்றியில் பூசிவிட்டு, மறுபடி தலையணைக்குள் செருகினா. அவ செருகின விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு மதபேதம் கிடையாது. ஓதின தண்ணீர்ப் போத்தல், கோயில் தீர்த்தப் போத்தல், ஜெப எண்ணெய்ப் போத்தல், எல்லாவற்றையும் சமமாகச் சந்தேகிப்பேன். அதற்குக் காரணமும் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு போத்தல் வந்தது. கெதியாகப் பிறக்கட்டும் என்று வீட்டார் ஏதோ நாட்டு மருந்தைக் குடிக்கக் கொடுத்துவிட்டார்கள். நோவு நிற்காமல் அடித்துப் பிள்ளை போனது. பழைய வடுவுள்ளவளுக்கு அப்படி ஏதாவது கொடுத்தால் வயிற்றுக்குள் வெடி வைத்ததற்குச் சமம். சுபாவின் பல்ஸுக்கு இதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன்.

போத்தலை இழுத்தெடுத்தேன். "இது என்ன?"

"ஜெபம் பண்ணின எண்ணெய் மிஸ். ஒலிவ் எண்ணெய்."

"குடிக்கக் குடுத்தீங்களா?"

"இல்ல மிஸ். நெத்தியில மட்டும்தான்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைக்கிற ஆக்கள எனக்குத் தெரியும். போத்தல் அரைவாசிதான் கிடக்கு. மிச்சம் எங்க?"

"அது ஒம்பது பேருக்குப் பூசினது மிஸ்."

நான் நம்பவில்லை. அவவைக் கையோடு வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பையைக் கொட்டச் சொன்னேன். ஒரு வேதபுத்தகம், ஒரு துவாய், பிள்ளைக்கு இரண்டு சட்டை, ஒரு பக்கட் பிஸ்கட். போத்தலை மோந்து பார்த்தேன். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். டியூட்டி டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவ அக்கரைப்பற்றுப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான். அவவும் மோந்து பார்த்துவிட்டு, "சலாட்டுக்கு ஊத்துற எண்ணெய் மாதிரித்தான் மிஸ் இருக்கு" என்றா. நான் விடவில்லை. பாஸ்டரம்மாவைத் திரும்பவும் கேட்டேன், சுபாவின் புருஷனை வாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டில் என்ன சாப்பிட்டாள், யார் கொடுத்தது, எத்தனை மணிக்கு. அந்த மனுஷன் பயந்துபோய் நேற்றுச் சாப்பிட்ட மீன்குழம்பு வரைக்கும் சொன்னான்.

இப்படியே இருபத்தைந்து நிமிஷம் போனது. உள்ளே இருந்த இளம் தாதி சுபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுபாவைப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

3. திரைக்கு அந்தப் பக்கம்

நான் திரும்பி லேபர் ரூமுக்குள் வந்தபோது இரண்டாம் கட்டிலில் இருந்த றிஹானா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். சாய்ந்தமருதுக்காரி. நாலாவது பிள்ளை என்பதால் ஆஸ்பத்திரி அவளுக்கு மாமி வீடு மாதிரி. காலையிலிருந்து ஈச்சம்பழம் தின்றுகொண்டும் கதைத்துக்கொண்டும் இருந்தவள். நோவு வரும்போது மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்து "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவாள்.

"மிஸ், கோவிக்காதீங்க. அந்தப் புள்ள பொய் சொல்லுது" என்றாள் மெல்லிய குரலில்.

"என்ன பொய்?"

"நீங்க போத்தலத் தூக்கிட்டுப் போன பொறகு இந்தத் திரை கொஞ்சம் விலகிக் கிடந்திச்சி. நான் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். பெட்ஷீட்ட வாய்க்குள்ள அடச்சிக்கிட்டுக் கிடக்கு, கண்ணால தண்ணி ஓடுது. நோவு வந்தா எல்லாரும் நெளிவம், நோவு போனா மூச்சு உடுவம். அவ நோவு போன பொறகும் மூச்சு உடுறல்ல. நாலு பெத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா மிஸ்?"

நோவு வந்து போகும். வந்த பிறகு போகாமல் நிற்கிற நோவு வடுவின் நோவு.

திரையை விலக்கினேன். சுபா பெட்ஷீட்டைத் துப்பிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு உதட்டில் மட்டும்தான் இருந்தது. முகம் முழுக்க வேர்வை. பல்ஸ் நூற்று இருபத்தெட்டு.

"சுபா, வடு நோகுதா?"

"இல்ல மிஸ்."

"பொய் சொல்லாத பிள்ள. பாஸ்டரம்மா வெளியில நிக்கிறா. இது எனக்கும் உனக்கும் மட்டும். சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நொந்த எண்டு சொன்னா விசுவாசம் இல்லாதவள் எண்டு ஆகிடும் மிஸ். என்ட மாமி சொல்லிட்டா, சாமிய விட்டுட்டுப் போனவளுக்கு இந்த முறையும் வயித்த வெட்டித்தான் எடுப்பாங்க எண்டு. நான் சபையில சாட்சி சொல்ல வேணும். நோ இல்ல மிஸ். நோ இல்ல."

எனக்குத் தெரிந்த வேதம் அம்மா படிப்பித்த வேதம். நோவு தண்டனை, பொறுத்துக்கொள் என்பது. இவளுடைய வேதம், நோவு இல்லை, இருந்தால் நீ விசுவாசி இல்லை என்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன: வாயைத் திறக்காதே. அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்கு இது விளங்கியது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து றிஹானாவின் குரல் வந்தது. அவளுக்கு ஒட்டுக் கேட்கிறோம் என்ற கூச்சம் எல்லாம் இல்லை.

"தங்கச்சி, எங்கட மர்யம் அலைஹிஸ்ஸலாம் தனியக் கிடந்து பெத்தவங்க. நோவு தாங்காம, இதுக்கு மௌத்தாகி மண்ணுக்குள்ள போனாலும் காரியமில்ல எண்டு அழுதவங்க. அல்லாஹ் அவங்கள ஏசல்ல. ஈச்சம்பழம் குடுத்தான், தண்ணி குடுத்தான். உங்கட மரியாவும் அவங்கதானே?"

எனக்கு முதலில் இது எங்கள் புத்தகத்தில் இல்லையே என்றுதான் ஓடியது. பழக்கம் அப்படி. எங்கள் புத்தகத்தில் மரியாள் அழுததாக ஒரு வரியும் இல்லை. ஆனால் அவளுடைய மகன் அழுதது இருக்கிறது. அது எல்லாக் கோயிலிலும் பெரிய வெள்ளிக்கு வாசிக்கிறது. அத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், லேபர் ரூமில் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"சுபா, என்னப் பாரு. சிலுவையில கிடந்தவர் சத்தம் போட்டுக் கத்தினவரா இல்லையா?"

கண்ணைத் திறந்தாள். "கத்தினவர்."

"விசுவாசம் காணாமலா கத்தினவர்?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"கத்தினவரத்தான் நீயும் கும்பிடுறாய், நானும் கும்பிடுறன். அவருக்கு இல்லாத வெக்கம் உனக்கு என்னத்துக்கு?"

பிறகு சுபா கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த தாதி துள்ளி எழும்பினாள். கத்திக்கொண்டே என் கையைப் பிடித்து அடிவயிற்றில், வடுவின் இடது ஓரத்தில் வைத்தாள். "இஞ்ச மிஸ். விடியத்திலிருந்து இஞ்ச நோகுது. மற்ற நோ போகுது, இது போகுதே இல்ல." நான் விரலை வைத்ததும் மறுபடி கத்தினாள்.

மெஷினில் பிள்ளையின் ஹார்ட் இறங்கத் தொடங்கியதும் அந்த நேரத்தில்தான்.

டொக்டர் ஓடி வந்தா. ஒப்பரேஷன் தியேட்டருக்குச் சொன்னோம். பெரிய டொக்டர் வார்ட்டில்தான் நின்றார். மயக்க டொக்டர் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். போன் எடுபடவில்லை. பள்ளிவாசலுக்குள் போனை யார் எடுப்பது? பள்ளி, ஆஸ்பத்திரி மதிலுக்கு அடுத்த ஒழுங்கையில்தான். வார்ட்டில் வேலை செய்கிற சிவலிங்கம் அண்ணன் செருப்பையும் போடாமல் ஓடினார். திருநீற்றுப் பூச்சோடு பள்ளி வாசலில் நின்று அவர் டொக்டரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, குத்பாப் பிரசங்கத்துக்கு இருந்தவர்கள் ஆளை ஆள் தட்டி விஷயத்தை முன் வரிசைக்கு அனுப்பினார்களாம். டொக்டர் தொப்பியோடேயே தியேட்டருக்குள் வந்தார்.

பிள்ளை வெளிறிப் போய் வந்தது. அழுவதற்கு நேரமெடுத்தது. அந்த நேரம் முழுக்க நான் ஜெபித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் அந்த இருபத்தைந்து நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளை அழுதது. பெண் பிள்ளை. சுபாவின் கர்ப்பப்பையையும் தைத்துக் காப்பாற்றினார்கள். பெரிய டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வடு கடதாசி மாதிரி மெலிஞ்சு ஒரு பக்கம் பிரிஞ்சிட்டு, மிஸ். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நாங்க வேற கதை கதைச்சிருப்பம்."

தியேட்டர் வாசலில் மர வாங்கில் பாஸ்டரம்மா இருந்தா. எனக்கு வந்த கோபத்தை அடக்க முடியவில்லை. என் பிழைக்கும் சேர்த்து அவமேல்தான் கோபம் வந்தது.

"உங்கட ஆண்டவர் நோவ எடுத்தவர் சரி. பல்ஸ என்னத்துக்கு விட்டுட்டுப் போனவர்?" என்றேன்.

அவ தலையைக் குனிந்துகொண்டிருந்தா. "அந்த எண்ணெய்ப் போத்தலத் தருவீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டா. பிள்ளை பிழைத்ததா என்றுகூடக் கேட்கவில்லையே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று நினைத்தேன். போத்தலைக் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

4. சாட்சி ஞாயிறு

இரண்டு மாதத்துக்குப் பிறகு சுபாவும் புருஷனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வார்ட்டுக்கு வந்தார்கள். பிள்ளையின் அரையில் மாமி கட்டிவிட்ட கறுப்புக் கயிறு. "ஞாயிற்றுக்கிழமை சபையில சாட்சி சொல்றன் மிஸ். கட்டாயம் வரவேணும்" என்றாள் சுபா.

சந்தேகம் வந்தது. தியேட்டர், இரத்தம், தையல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, நோவில்லாமல் பிறந்தது என்று ஒலிவாங்கியில் சொல்லப்போகிறார்கள், பக்கத்தில் சாட்சிக்கு என்னையும் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது நடந்தால் எழும்பிக் கேட்பதென்று முடிவுசெய்துகொண்டுதான் போனேன்.

தகரக் கூரை போட்ட மண்டபம். நாற்பது பிளாஸ்டிக் கதிரை. நான் கதவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். பாஸ்டர் முந்தி அக்கரைப்பற்று பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவராம். நல்ல கணீர்க் குரல். "சகோதரி சுபா சாட்சி சொல்லுவா" என்று கூப்பிட்டார். பாஸ்டரம்மா முன் வரிசையில் பெண்கள் பக்கம் இருந்தா.

சுபா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு நொந்தது" என்றாள்.

ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"சரியா நொந்தது. நான் நோ இல்ல எண்டு மிஸ்ஸுக்குப் பொய் சொன்னனான். அந்தப் பொய்யால என்ட பிள்ள சாகப் பாத்தது. ஆண்டவர் என்ட நோவ எடுக்கல்ல. நான் கத்துறதுக்கு அவர் விட்டவர். கத்தினபடியாலதான் இவள் இருக்கிறாள். இதுதான் என்ட சாட்சி."

ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பாஸ்டர் பழக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்றார். உடனே பாட்டைத் தொடங்கிவிட்டார். எழும்பிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லாதபடியால் மெல்ல வெளியே வந்தேன்.

கேற்றடியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பாஸ்டரம்மா.

"மிஸ், நில்லுங்க."

சண்டைக்குத்தான் வருகிறா என்று நானும் ஆயத்தமானேன்.

"என்ட மூத்தவன நீங்கதான் பெறுவிச்ச" என்றா.

"எத்தினையோ பேரப் பெறுவிச்சிருக்கிறன். ஞாபகம் இல்ல."

"உங்களுக்கு இராது. பதினாறு வருஷம். எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. இவர் சபை தொடங்கின புதுசு. நான் பயந்து கத்தினன். நீங்க கட்டிலுக்குக் கிட்ட வந்து சொன்னீங்க, 'வாய மூடு. உலகத்தில நீ மட்டுமா பெறுறாய்? ஏவாள் வாங்கித் தந்த தண்டனை, பேசாமக் கிடந்து அனுபவி' எண்டு. அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கல்ல. வார்ட்டில எல்லாரும் சொன்னாங்க, பாஸ்டர்ர பெண்சாதி ஒரு சத்தமும் போடல்ல, நல்ல பிள்ளை எண்டு. இவருக்குச் சரியான சந்தோசம். சபையில எழுப்பி, நோவு இருந்ததா எண்டு கேட்டார். இவ்வளவு பேருக்கு முன்னால நான் என்னத்தச் சொல்ற? இல்ல எண்டன். அதுதான் மிஸ் எங்கட சபையில முதல் சாட்சி. மற்ற எட்டுப் பேரும் என்னப் பாத்துச் சொன்னவங்க. அண்டைக்குத் தியேட்டர் வாசலில பிள்ளை எப்படி எண்டு கேக்க எனக்கு வாய் வரல்ல. அந்தப் போத்தல வாங்கிக் கொண்டுபோய்க் கடலில ஊத்தினன்."

அவவின் முகம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஆனால் அந்த வசனம் என்னுடையது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கத்துகிறவர்களுக்கு எல்லாம் நான் சொல்கிற வசனம் அது. முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஏவாளை ஹவ்வா உம்மா என்று மாற்றிச் சொல்வேன். அப்படி மாற்றுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அம்மாவிடமிருந்து வாங்கியதை எத்தனை பேரின் வாய்க்குள் அடைத்திருக்கிறேனோ, கணக்கே இல்லை. ஊரெல்லாம் போத்தல் தேடித் திரிந்தவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை.

"மன்னிச்சிக்கொள்ளுங்க" என்றேன். எனக்கு வாயில் வராத சொல் அது. தடக்கித் தடக்கித்தான் வந்தது.

அவ கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. போகவும் மனமில்லை, நிற்கவும் தெரியவில்லை. கடைசியில், "அண்டைக்கு எங்க நொந்தது?" என்று கேட்டேன்.

அவ நிமிர்ந்து பார்த்தா. பிறகு இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டி, சொல்லத் தொடங்கினா. பதினாறு வருஷத்து நோவு. உள்ளே மூன்று பாட்டு முடிந்து பிரசங்கமும் தொடங்கிவிட்டது. அவ சொல்லி முடிக்கும் வரைக்கும் வெயிலில் நின்று கேட்டேன்.

இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். "நோகுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு இல்லை என்று சொல்லிவிடலாம். "எங்க நோகுது?" என்று கேளுங்கள். கத்துகிறவளைக் கத்த விடுங்கள், லேபர் ரூம் சுவர் இடிந்து விழாது. ஒரு சத்தமும் இல்லாமல் நல்ல பிள்ளையாகக் கிடக்கிறவளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருங்கள். இவளை வாயை மூடச் சொன்னது யார் என்று விசாரியுங்கள். மாமியையும் பாஸ்டரையும் போத்தலையும் பிறகு விசாரிக்கலாம். முதலில் உங்களை விசாரியுங்கள்.